ஈ காக்கா இல்லாத ரோடு

“வாரா வாரம் பொய்யை ஒட்டறீங்களே கத்திரி... கை வலிக்கலையா?”

எப்போதோ ஒருநாள் அவளிடம் அப்படிக் கேட்டவன், இப்போது பிணவறையின் இரும்பு மேசை மேல் கிடந்தான்!

கழுத்து வரை வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் தொங்கியது. நக இடுக்கில் க்ரீஸ். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத க்ரீஸ்.

“இவர்தானே?” என்றார் பிணவறை ஊழியர்.

“ம்...”

“நீங்க இவருக்கு என்ன வேணும்?”

என்ன வேணும்? நல்ல கேள்வி! பதில் வந்துவிடுமோ என்று பயந்தே அவள் இத்தனை நாளும் தன்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

“கூட... வேலை பாக்கறவ.”

சொன்ன மறுகணமே வெட்கம் பிடுங்கித் தின்றது.

செத்தவன் எதிரிலும் பொய்!

வெளியே வந்தாள். வராந்தாவில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். தொப்பையை பெல்ட்டுக்குள் அடக்கும் முயற்சியில் தோற்றுக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, நீங்க டிவில வர்ற ‘நாலு சக்கரம்’ புயலோட தங்கச்சியாமே? முதல்லயே சொல்ல வேண்டாமா? எங்க வீட்டம்மா உங்க அண்ணன் புரோக்ராம்னா அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காந்துடுவா. நான் குண்டடி பட்டு வீட்டுக்கு வந்தாக்கூட, ‘விளம்பரம் வரட்டும், கட்டு போடறேன்’பா!”

அவள் தரையைப் பார்த்தாள்.

“சாவு நேரத்துல கேக்கக் கூடாது. இருந்தாலும் கேக்கறேன். அண்ணன் வீட்டுலயும் அதே ஸ்பீடுதானா?”

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“கவலைப்படாதீங்க. இது விபத்து. ஷூட்டிங்ல வண்டிக்குக் குறுக்க நின்னுட்டான். அந்த ஃபிலிமை ஒரு தடவை பாத்துட்டா கேஸை மூடிடலாம். மத்தியானம் உங்க எடிட்டிங் ரூமுக்கு வரேன்.”

ஃபிலிம்!

---

ஜன்னல் இல்லாத அறை. பசை நெடி. சுவரோரம் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிகளில் வெட்டி எறிந்த ஃபிலிம் துண்டுகள். நடுவில் மூவியோலா... ஃபிலிமைச் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்து வெட்டுகிற மேசை. பக்கத்தில் ஒரு திருகு. வலப்பக்கம் திருகினால் படம் வேகமாக ஓடும். இடப்பக்கம் திருகினால் மெதுவாக ஓடும்.

அந்த மேசைதான் அவள் உலகம். மைக் முன்னால் நிற்கச் சொன்னால் மயக்கம் போட்டு விழுகிற ஜாதி. அதனால் அண்ணன் மைக் பிடித்தான். அவள் கத்திரிக்கோல் பிடித்தாள். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

கதவு படாரென்று திறந்தது. புயல்!

திரையில் பார்த்தால் எமன் வழிவிடுவான். நேரில் வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“லேப்ல இருந்து ஃபிலிம் வந்துடுச்சா?”

“இப்பதான் வந்துச்சுண்ணா. இன்னும் பாக்கல.”

“பாக்காதே! அப்படியே ஓட்டிக் காட்டு. வழக்கமான ஸ்பீட்ல. புரியுதா?”

“அண்ணா...”

“கால் நழுவிடுச்சு கத்திரி. சத்தியமா.”

“நீ வந்த வேகத்துக்கு, காலை எடுத்திருந்தாலே வண்டி நின்னிருக்குமே அண்ணா...”

“மெதுவா பேசு!” புயல் கதவைப் பார்த்தான். “அதான் நழுவிடுச்சுங்கறேன்ல? இன்ஸ்பெக்டர் விபத்துன்னு எழுதப் போறார். நீ வாயைத் திறந்தா நான் மட்டும் இல்ல... அம்மா! பக்கத்து வீடு, எதிர்த்த வீடு எல்லாரையும் கூட்டி வச்சு டிவி பாக்கறாளே, அவ மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்குவா?”

அம்மா. எப்போதும் கடைசியில் அதைத்தான் எடுப்பான்.

“நீதானே ஒட்டினே? முதல் தடவை, ‘அண்ணா, வண்டி பறக்குது’ன்னு சிரிச்சது யாரு? நீதானே?”

அவள் தலை குனிந்தாள்.

உண்மைதான். அவளேதான்!

ஆரம்பத்தில் ‘நாலு சக்கரம்’ ஒரு தூக்க மாத்திரை. ஸ்டூடியோ மூலையில் வரைந்த திரைச்சீலை. அதன் முன்னால் மேனேஜருடைய சொந்தக் கார். அதற்கு முன்பு டிவியில் காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்த அண்ணன், பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் பற்றிப் பேசுவான். குரல் மட்டும் வெண்கலம்! அந்தக் குரலில் தன் பெயர் வரட்டும் என்றே சிலர் காணாமல் போனதாகப் பேச்சு உண்டு.

பார்த்தவர்கள் குரலைக் கேட்டார்கள். கொட்டாவி விட்டார்கள். தூங்கினார்கள்.

‘இன்னும் சில வாரம்தான்’ என்றார் மேனேஜர்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது!

கேமராமேன்... எந்நேரமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டே இருப்பதால் ‘ஒத்தக்கண்’ என்று பெயர்... பேட்டரியை சார்ஜ் போட மறந்துவிட்டார். சோர்ந்த பேட்டரியில் கேமரா மெதுவாக ஓடியது. கேமரா மெதுவாக ஓடிப் பிடித்த படத்தை, மேசையில் வழக்கமான வேகத்தில் ஓட்டினால்?

நத்தையும் குதிரையாகும்!

அண்ணன் ஓட்டிய கார் திரையில் சீறிக்கொண்டு பறந்தது. உண்மையில் அவனுக்கு இரண்டாவது கியருக்கு மேல் போனால் கை உதறும். சைக்கிள்காரன் மணியடித்தால் ஓரம் கட்டுவான்.

திரும்ப எடுக்க நேரம் இல்லை. மேனேஜர் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

“ஒட்டு” என்றான் அண்ணன்.

ஒட்டினாள்.

அடுத்த வாரம் மூட்டை மூட்டையாகக் கடிதம்! ‘புயல்’ பிறந்தது.

அதற்குப் பிறகு சோர்ந்த பேட்டரி தேவைப்படவில்லை. வேண்டுமென்றே கேமராவை மெதுவாக ஓட்டினார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. படத்தில் கார் தவிர வேறு எதுவும் அசையக் கூடாது! மனுஷன் நடந்தால் பொம்மலாட்டம் போலத் தெரியும். மரம் ஆடினால் பேய் பிடித்த மாதிரி தெரியும். அசைவதையெல்லாம் அவள் வெட்டி எறிந்தாள்.

‘புயல் வந்தா ரோட்டுல ஈ காக்கா இருக்காது’ என்று ஊரே சொன்னது.

ஈயும் காக்காயும் இவள் அறைக் கொக்கிகளில் தொங்கின!

அவற்றோடு ஒரு மனிதனும் தொங்கினான்.

ஸ்பானர். நிகழ்ச்சியின் மெக்கானிக். காலி மைதானத்து ரோட்டில், கார் வந்து நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அதன் மேல் அவனே நிற்பான். அண்ணன் அவனைப் பார்த்து பிரேக் போட வேண்டும். அவன் தெரிவதற்குள் அவள் வெட்டிவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஆனால் அவன் சும்மா நின்றதில்லை. கடைசி நொடியில் கேமரா பக்கம் திரும்பி ஏதாவது சேட்டை செய்வான். ஒரு வாரம் சல்யூட். ஒரு வாரம் தொப்பியைக் கழற்றி ராஜா மாதிரி வணக்கம். அந்தத் துண்டை உலகத்தில் ஒரே ஒருத்திதான் பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரியும்!

அவள் அதை வெட்டுவாள். எல்லோரும் போன பிறகு திருகை இடப்பக்கம் திருகி, மெதுவாக ஓட்டிப் பார்ப்பாள். சிரிப்பாள். கடைசிக் கொக்கியில் தொங்க விடுவாள்.

நேரில் எதிர்ப்பட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள்!

“கத்திரி! கேக்குதா?” புயல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். “இந்தத் தடவை அவனை வெட்டாதே. அவன் நிக்கறது முழுசா இருக்கட்டும். குறுக்க நின்னதுக்கு அவன்தான் சாட்சி.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வெட்டாதே என்கிறான்!

வாசலில் பூட்ஸ் சத்தம்.

---

“வணக்கம் புயல் சார்! முதல்ல ஒரு ஆட்டோகிராஃப். வீட்டம்மா பேருக்குப் போடுங்க. இல்லாம வீட்டுப் பக்கம் வராதேன்னுட்டா.”

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிள். அவருக்குப் பின்னால் ஒத்தக்கண். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

“நீங்கதானே கேமரா? என்ன பாத்தீங்க?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்றார் ஒத்தக்கண் அவசரமாக. “வேலை நேரத்துல ஒரு கண்ணுதான் திறந்திருக்கும்.”

“பாதி சாட்சின்னு எழுதிக்கறேன்!” இன்ஸ்பெக்டர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். “ஓட்டும்மா.”

அவள் சுவிட்சைத் தட்டினாள்.

கடகடவென்று மூவியோலா ஓடியது.

சின்னத் திரையில் ரோடு. தூரத்தில் ஒரு புள்ளி. புள்ளி காராக மாறியது. சீறியது! பாய்ந்தது! ரோட்டோரத்தில் ஏதோ கறுப்பாக ஒன்று மின்னி மறைந்தது. கோட்டின் மேல் ஸ்பானர். கேமரா பக்கம் முகம். கைகள் படபடவென்று ஒன்றையொன்று பற்றி உதறிக்கொண்டன...

கார்!

படம் தாறுமாறாகக் குலுங்கியது. வானம். வெள்ளை.

“அய்யோ!” கான்ஸ்டபிள் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாவம்...” இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். “பயத்துல கையைப் பிசையறான் பாருங்க. விலகக்கூடத் தோணல. மின்னல் வேகத்துல வந்தா எவனுக்குத் தோணும்? ஆமா... ரோட்டுல பிரேக் போட்ட அடையாளமே இல்லையே சார்?”

“அந்த ஸ்பீட்ல பிரேக் போட்டா வண்டி குட்டிக்கரணம் அடிச்சிருக்கும்” என்றது வெண்கலக் குரல்.

“அதானே! கீழ விழுந்தவன் தலை சிமெண்ட் திட்டுல மோதியிருக்கு. ஆனா வண்டியில முன்விளக்குகூட உடையல. என்ன வண்டி சார் அது! நமக்கு ஒண்ணு கிடைக்குமா?”

“பேசிப் பாக்கறேன்.”

“சரி, விபத்து. கேஸ் முடிஞ்சது.”

புயல் மூச்சு விட்டது அறைக்கே கேட்டது.

கத்திரியின் கை சுவிட்சை நோக்கிப் போனது. அணைத்தால் முடிந்தது. அம்மா தப்பிப்பாள். அண்ணன் தப்பிப்பான். வேலை தப்பிக்கும். வாய் திறக்கவே வேண்டாம். வாய் திறக்காமல் இருப்பதுதான் அவளுக்குக் கைவந்த கலையாயிற்றே!

ஆனால் அந்தக் கைகள்...

ஸ்பானருக்குப் பயமா? புயலின் வேகத்தைக் கண்டா? இந்த ஊரிலேயே புயலைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் அவன்தானே!

அந்தக் கைகளால் அவன் என்ன சொன்னான்?

“சார்...” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “இன்னொரு தடவை பாக்கறீங்களா?”

“எதுக்கு?” புயல் துள்ளி எழுந்தான். “போதும். பாக்க மனசு தாங்கல.”

அவள் ஃபிலிமைப் பின்னால் சுற்றினாள். ஓட விட்டாள்.

திருகைப் பிடித்தாள்.

இடப்பக்கம் திருகினாள்.

கடகட சத்தம் குறைந்தது. கட... கட... கட...

“என்னம்மா, மிஷின் ரிப்பேரா?”

“இல்ல சார். இப்பதான் சரியா ஓடுது.”

திரையில் கார் வந்தது.

வந்தது...

வந்துகொண்டே இருந்தது!

பாரம் ஏற்றிய கட்டை வண்டி மேட்டில் ஏறுவதுபோல் வந்தது. முன்பு மின்னி மறைந்த கறுப்பு எது என்று இப்போது தெரிந்தது. ஒரு காக்கா! தத்தித் தத்தி ரோட்டுக்கு வந்தது. காருக்கு முன்னால் நின்றது. எதையோ கொத்தியது. யோசித்தது. பிறகு அந்தப் பக்கம் போனது.

“சார்...” கான்ஸ்டபிள் வாயைப் பிளந்தார். “காக்காயே தாண்டிப் போயிடுச்சு சார்!”

“நிறுத்து கத்திரி!” புயல் அலறினான். “நிறுத்துடி!”

அவள் நிறுத்தவில்லை.

கோட்டின் மேல் ஸ்பானர். காரை அவன் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வாரமும் தன் முன்னால் வந்து நிற்கிற வண்டி. அதை எதற்குப் பார்க்க வேண்டும்? அவன் கேமராவைப் பார்த்தான்.

சிரித்தான்.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தான். மெல்ல அமுக்கினான். பிறகு விரல்களை நீவி, உதறி, புருவத்தை உயர்த்தினான்.

கை வலிக்கலையா, கத்திரி?

பயம் இல்லை! பிசையவில்லை! அவளிடம் பேசிக்கொண்டிருந்தான்!

அவனுக்குப் பக்கவாட்டில் கார். நிற்க எவ்வளவோ இடம் இருந்தது. கண்ணாடி வழியாக அண்ணன் முகம் தெரிந்தது. அந்த முகம் ஸ்பானரையே வெறித்தது. நழுவிய காலோடு இருக்கிறவன் முகம் இல்லை அது. கடைசியில் கார் லேசாக ஒரு உதறு உதறி... முன்னைவிடச் சற்று வேகமாக...

ஆக்ஸிலரேட்டர்!

அவள் சுவிட்சை அணைத்தாள்.

அறையில் பசை நெடி மட்டும் இருந்தது.

“முன்விளக்கு உடையலன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்” என்று முணுமுணுத்தார் இன்ஸ்பெக்டர். கையிலிருந்த ஆட்டோகிராஃபைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “அப்ப... வாரா வாரம் நாங்க பாத்தது?”

“நான் ஒட்டினது சார்.” அவள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. “ஓட்டினது அண்ணன். பறக்க விட்டது நான். இதுக்கு என்ன தண்டனையோ, எனக்கும் குடுங்க.”

“பொய்யா ஒட்டினதுக்கு சட்டத்துல பிரிவு இல்லம்மா.”

“இருந்திருக்கலாம் சார்.”

இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார். “புயல் சார். இது கோர்ட்டுக்கு வரும். நீதிபதி முன்னால இந்தப் படத்தை இதே வேகத்துல ஓட்டணும். பத்திரிகைக்காரங்க, ஜனங்க எல்லாரும் பாப்பாங்க. என்ன சொல்றீங்க?”

புயலின் முகம் சாம்பலானது.

“வேண்டாம் சார்! ஓட்ட வேண்டாம்!”

“அப்ப?”

“நான்தான் கொன்னேன். வேணும்னுதான். கொலைன்னே எழுதிக்குங்க...” வெண்கலக் குரல் ஓட்டைப் பானையாக உடைந்தது. “வேகத்தை மட்டும் எழுதாதீங்க சார்!”

கான்ஸ்டபிளின் பென்சில் கீழே விழுந்தது.

எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்த இன்ஸ்பெக்டர். உயிருக்குக் கெஞ்சினவன் உண்டு. தூக்குக்கயிறு வேண்டாம் என்று அழுதவன் உண்டு. மெதுவாக ஓட்டினதை மறைக்கக் கொலையை ஒப்புக்கொண்டவன்... இவன்தான் முதல்!

“ஏன்யா? அவன் உனக்கு என்ன பண்ணான்?”

“அடுத்த மாசம் ஜனங்க முன்னால நேரடியா ஓட்டிக் காட்டணும்னு சேனல்ல சொல்லிட்டாங்க சார். வண்டி ரிப்பேர்னு சொல்லிடுடான்னு அவன்கிட்ட கெஞ்சினேன். ‘அதெல்லாம் வேண்டாண்ணே, மூணாவது கியர் போட நான் கத்துத் தரேன்’கறான்! எனக்கு! கத்துத் தரானாம்!” புயல் முகத்தைப் பொத்திக்கொண்டான். “காலைல வண்டியில வரேன்... திரும்பிக்கூடப் பாக்கல சார். நான் வர்ற வேகத்தை நெனச்சு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கறான். கையை நீவி நீவிச் சிரிக்கறான். எவ்வளவு நேரம்தான் பொறுத்துக்கறது? வரேன், வரேன்... சிரிச்சிட்டே இருக்கான்!”

“கொஞ்சம் வேகமா வந்திருந்தா அவ்வளவு நேரம் சிரிச்சிருக்க மாட்டான்” என்றார் கான்ஸ்டபிள்.

இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

கத்திரி எழுந்தாள். கடைசிக் கொக்கியிலிருந்து ஒரு கொத்து ஃபிலிம் துண்டுகளை எடுத்தாள். சல்யூட். ராஜா வணக்கம். இன்னும் எத்தனையோ. அண்ணன் மடியில் வைத்தாள்.

“என்ன இது?”

“வெளிச்சத்துல பிடிச்சுப் பாருண்ணா.”

பார்த்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் ஸ்பானர். ஒவ்வொன்றிலும் அதே சிரிப்பு. ஒன்றில்கூடக் காரைப் பார்க்கவில்லை.

“அவர் உன்னைப் பாத்து ஒருநாளும் சிரிச்சதில்லண்ணா” என்றாள் அவள். “என்னைப் பாத்துதான் சிரிச்சார். இன்னிக்கும்.”

“நீங்க இவருக்கு என்ன வேணும்னு ஆஸ்பத்திரில கேட்டாங்க. தெரியும், ஆனா சொல்ல வெக்கமா இருந்துச்சு. கூட வேலை பாக்கறவன்னு சொல்லிட்டு வந்தேன்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் என்னிக்காவது ஒருநாள் அவர் மூஞ்சிக்கு நேரா சிரிச்சிருந்தா, அவர் கேமராவைப் பாத்து சிரிச்சிருக்கவே மாட்டார்.”

ஒத்தக்கண் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

புயல் துண்டுகளை மேசை மேல் வைத்தான். எழுந்தான். தங்கையைப் பார்க்க முயன்றான். முடியவில்லை. தரையைப் பார்த்தான். அவள் வழக்கமாகப் பார்க்கிற அதே தரை. வாயைத் திறந்தான்.

நாடே கேட்ட அந்தக் குரல் வரவில்லை.

வெளியே நடந்தான்.

வாசலில் ஜீப். கான்ஸ்டபிள் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதல் கியர்... இரண்டாவது... மூன்றாவது... நான்காவது!

பின் சீட்டில் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு போனான் புயல்.

பாவம்... அவன் நிஜமாகவே வேகமாகப் போனது அன்றைக்குத்தான். எடுக்கத்தான் கேமரா இல்லை!